"பிரச்சினை ஏதும் இல்லை" என்று எழுதும் நோட்டு: ஊர்க் குழுக்கள் செய்யும் தவறுகள்

கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடுகிறது. "நம் ஊரில் குழந்தைகள் தொடர்பான பிரச்சினை ஏதும் இல்லை" என்று தீர்மான நோட்டில் ஒரு வரி. எல்லோரும் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுக் கலைகிறார்கள். மாவட்டத்தில் அதைப் படிப்பவருக்கு நல்ல சேதியாகத் தோன்றும். ஊரில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தது 1992 டிசம்பரில். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஐ.நா.வுக்கு அறிக்கை தருவதாக அதன் 44-வது பிரிவில் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அந்த அறிக்கைக்கு அடிமண், சேலம் மாவட்டம் ஏற்காடு மலையின் நாகலூர், மாரமங்கலம் போன்ற ஊர்களில் உள்ள பதிவேடுகள்தான். கீழே வெறும் வரி இருந்தால் மேலே போவதும் வெறும் வரிதான்.

நோட்டில் இருக்க வேண்டியவை எண்கள். தொடர்ந்து பள்ளிக்கு வராத பிள்ளைகள் எத்தனை பேர்? எட்டாவது, பத்தாவது முடித்து மேலே சேராதவர்கள் எத்தனை பேர்? அங்கன்வாடியில் பெயர் பதியாத குழந்தைகள் எத்தனை பேர்? ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர் மூவரும் தத்தம் பதிவேட்டோடு வந்தால் அரை மணி நேர வேலை. குழந்தைகளின் பெயர்களை மட்டும் அந்த நோட்டில் எழுதாதீர்கள். பெயர்கள் தனித்தாளில், பூட்டிய பீரோவில் இருக்கட்டும். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ படத்தையோ ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்தது, கூடும் காலம். மலையில் காப்பிப் பழம் பறிப்பது நவம்பர் தொடங்கிப் பொங்கலைத் தாண்டியும் போகும். பிள்ளைகள் பள்ளியை விட்டு அப்பா அம்மாவோடு எஸ்டேட்டுக்குப் போனால் அது அப்போதுதான் நடக்கும். மே மாதம் கூட்டம் போட்டு "குழந்தைத் தொழிலாளர் இல்லை" என்று எழுதுவதில் என்ன பயன்? குடும்பத்துக்கு உதவும் வேலைதானே என்று சிலர் வாதாடுவார்கள். பள்ளி நேரம் போக, சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலைக்கு மட்டும்தான் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் இடம் தருகிறது. முதலாளியின் எஸ்டேட் குடும்பத் தொழில் ஆகாது. வேலைக்காக இடம் மாறி வந்த குடும்பத்தின் பிள்ளையை, மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்புவதும் தவறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 5, 14-வது பிரிவுகள் அதைத் தடுக்கின்றன.

குழுக்கள் அதிகம் சறுக்குவது குழந்தைத் திருமணத்தில். தகவல் வருகிறது, அதிகாரிகள் போகிறார்கள், "18 வயது முடியும்வரை கல்யாணம் செய்ய மாட்டோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அடுத்த வாரமே பெண்ணை வேறு ஊர் உறவினர் வீட்டில் வைத்துத் தாலி கட்டிவிடுகிறார்கள். எழுதி வாங்கிய தாளால் அதைத் தடுக்க முடியாது. 2006-ம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-வது பிரிவில், முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்க வழி இருக்கிறது. குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் (தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலர்) மனுச் செய்யலாம். தகவல் தெரிந்த யாரும் புகார் தரலாம். தடையாணையை மீறி நடக்கும் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. தடையாணை இல்லாமல் நடந்துவிட்டால் கதை வேறு. அந்தப் பிள்ளையே பின்னால் வழக்குப் போட்டு ரத்துச் செய்ய வேண்டும். கையெழுத்துத் தாளுக்கும் நீதிமன்ற ஆணைக்கும் உள்ள இந்த வித்தியாசம் பல குழுக்களுக்குத் தெரிவதில்லை.

இங்குள்ள மலையாளிப் பழங்குடியினரிடமிருந்து "இது எங்கள் மலையாளி வழக்கம், எங்களுக்குச் சட்டம் பொருந்தாது" என்ற பேச்சும் வரும். பொருந்தும். பழங்குடியினருக்கு இச்சட்டத்தில் விலக்கு இல்லை.

வயதை ஆதாரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 94-வது பிரிவு சொல்லும் வரிசையில் முதலில் பள்ளிச் சான்று. அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் மருத்துவச் சோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை.

செவிலியரின் பதிவேட்டில் 18 நிரம்பாத கர்ப்பிணி இருந்தால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தாலும் அந்தக் கடமை தீராது. சொல்லாமல் மறைத்தவர் மீதும் வழக்கு வரும்.

சட்டப்படியான தத்து நடைமுறை இல்லாமல் பச்சிளங்குழந்தையைத் தெரிந்த தம்பதிக்குக் கொடுப்பதும் குற்றமே. வளர்க்க விரும்பாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கியது இதே சேலத்தில்தான். இருந்தும் இந்தப் பழக்கம் முழுதாக ஒழியவில்லை. வளர்க்க முடியாத பெற்றோர், மாவட்ட அளவில் உள்ள குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கலாம். மனம் மாற இரண்டு மாத அவகாசமும் உண்டு.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கும்போது "ஏற்காடு பக்கம்" என்று மட்டும் சொன்னால் வண்டி பாதி மலையைச் சுற்றும். ஊராட்சி, குக்கிராமம், பக்கத்துப் பள்ளி, கடைசி பஸ் நிறுத்தம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பதால் அந்தக் குறிப்பு பிறகு கைகொடுக்கும்.

எங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. விசாரணையின்போது உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் அதற்கு உண்டு. தண்டனை தரும் அதிகாரம் இல்லை, பரிந்துரைதான் செய்ய முடியும். ஆகவே புகாரில் "தண்டியுங்கள்" என்று எழுதுவதைவிட, எந்த அலுவலரிடம் எந்தத் தேதியில் மனுக் கொடுத்தோம், என்ன பதில் வந்தது என்று வரிசையாக எழுதி நகல்களை இணையுங்கள்.