அமெரிக்காவை வெளியே இருந்து படிக்க, ஒரு வீட்டில் தொடங்குங்கள்

அமெரிக்கவியல், அதாவது அமெரிக்கச் சமூகத்தைப் பல துறைகளின் வழியாகச் சேர்த்துப் படிக்கும் படிப்பு, படிக்க ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் எடுத்தவுடன் பெரிய கேள்வியைத்தான் பிடிக்கிறார்கள். அங்கே இனப்பாகுபாடு ஏன் ஒழியவில்லை, துப்பாக்கியை ஏன் விட மறுக்கிறார்கள், அந்த ஜனநாயகம் எங்கே போகிறது. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு இவற்றுக்கு நேரடியாகப் பதில் எழுதப் போனால், ஏற்கெனவே படித்த நாலு செய்திக் கட்டுரைகளின் சாரம்தான் கையில் வரும். சினிமாவும் செய்தியும் நமக்குக் காட்டுவது வாஷிங்டனையும் நியூயார்க்கையும் லாஸ் ஏஞ்சலஸையும். அங்கே ஒரு சாதாரண ஆளின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிற பள்ளிக்கூடம், போலீஸ், சொத்து வரி, வாக்குச்சாவடி எல்லாம் 50 மாநிலங்களின் கையிலும், அவற்றுக்குக் கீழே இருக்கிற 3,000-க்கும் மேற்பட்ட கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை), நகரங்கள், பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளான பள்ளி மாவட்டங்கள் ஆகியவற்றின் கையிலும் இருக்கின்றன.

அதனால் சின்னதாகத் தொடங்குங்கள். ஒரு பொருள், ஒரு இடம், ஒரு பத்தாண்டு. அது போதும்.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு வயல்களாக இருந்த இடத்தில், 1947-இல் லெவிட் நிறுவனம் வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகளைக் கட்டத் தொடங்கியது. லெவிட்டவுன் என்று பெயர். முதலில் வாடகைக்கு விட்டார்கள், 1949-இல் புது மாதிரி வீடு ஒன்றை 7,990 டாலருக்கு விற்றார்கள். போரிலிருந்து திரும்பிய இளம் குடும்பங்களால் அதை எப்படி வாங்க முடிந்தது என்று கேட்டால் உடனே பொருளாதாரத்துக்குள் போய்விடுகிறீர்கள். 1934-இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கடன்களுக்குக் காப்பீடு கொடுத்தது, 1944-இன் ஜிஐ சட்டம் முன்னாள் படைவீரர்களின் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. சரி, எல்லாப் படைவீரர்களுக்கும் அந்த வீடு கிடைத்ததா? இந்தக் கேள்விக்குப் பொருளாதாரத்தில் பதில் இல்லை, வாடகை ஒப்பந்தத்தைத்தான் படிக்க வேண்டும். வெள்ளையர் அல்லாத எவரும் வீட்டில் குடியிருக்க அனுமதிக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்களாக இருந்தால் மட்டும் பரவாயில்லை என்று லெவிட்டவுனின் தொடக்க கால ஒப்பந்தங்களிலேயே ஒரு பிரிவு இருந்தது. இது ஒரு நிறுவனத்தின் தனிப்பட்ட விருப்பம் மட்டுமல்ல. வீட்டுவசதி நிர்வாகம் 1930-களில் வெளியிட்ட கையேடே இப்படிப்பட்ட கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது.

இப்போது சட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள். 1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய இன ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்றது. ஒப்பந்தத்திலிருந்து அந்தப் பிரிவு காணாமல் போனது, ஆனால் கறுப்பினத்தவருக்கு விற்காத பழக்கம் தொடர்ந்தது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968-இல்தான் வந்தது. அப்புறம் பள்ளிக்கூடம். அங்கே பள்ளிச் செலவில் கணிசமான பங்கு அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது, ஆகவே எந்த வீட்டில் இருக்கிறாய் என்பது உன் குழந்தைக்கு எப்படிப்பட்ட பள்ளி என்பதையும் முடிவு செய்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு அரசியலமைப்புக்கு எதிரானது என்று டெக்சாஸ் பெற்றோர் போட்ட வழக்கு 1973-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற நீதிபதிகள் கணக்கில் தோற்றது. அடுத்த ஆண்டே டெட்ராய்ட் வழக்கில், நகரத்துப் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் கலந்து படிக்கவைக்கப் பள்ளி மாவட்ட எல்லைகளைத் தாண்டிப் போட்ட திட்டத்தையும் நீதிமன்றம் நிராகரித்தது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் படிக்கும்போது பெரும்பான்மைத் தீர்ப்போடு நிறுத்தாதீர்கள். இரண்டிலும் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல், 1954-இல் பள்ளிகளில் இனப் பிரிவினையை முறியடித்த வழக்கை வழக்கறிஞராக வாதாடியவர். தான் வென்றது எங்கே கைநழுவுகிறது என்பதை அவர் வரி வரியாகச் சொல்கிறார்.

பல துறைகளைச் சேர்த்துப் படிப்பது என்றால் இதுதான் என்பது என் கருத்து. கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் இலக்கியம், கொஞ்சம் சமூகவியல் என்று எல்லாவற்றையும் ஒரு கட்டுரைக்குள் தூவுவதில் பயன் இல்லை. ஒரு துறையின் கருவி எந்த இடத்தில் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறதோ அங்கேதான் அடுத்த துறைக்குப் போக வேண்டும். நாவலோ தொலைக்காட்சித் தொடரோகூட அப்படித்தான் உள்ளே வர வேண்டும், அலங்காரமாக அல்ல. 1950-களின் குடும்பத் தொடர்கள் காட்டிய புறநகர் வீட்டில் யார் இல்லை என்ற கேள்வி, மேலே சொன்ன ஒப்பந்தத்தைப் படித்த பிறகு முற்றிலும் வேறு கேள்வியாக மாறிவிடும்.

மூல ஆவணங்களுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு தயாரிக்கும் ஆவணங்களுக்கு அங்கே பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது, அதனால் ஏராளமானவை இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. தனிநபர் விவரம் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டு கழித்துத் திறக்கப்படும், 1950-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் திறந்தன. லெவிட்டவுன் குடும்பங்களின் பிறந்த ஊர், இனம், தொழில் ஆகியவற்றை கையெழுத்திலேயே பார்க்கலாம். பழைய உள்ளூர் செய்தித்தாள்களுக்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் 'க்ரானிக்ளிங் அமெரிக்கா', மனப்போக்குகளுக்கு 1972 முதல் நடக்கும் ஜெனரல் சோஷியல் சர்வே, வாக்காளர்களைப் பற்றி 1948 வரை பின்னோக்கிப் போகும் தேசியத் தேர்தல் ஆய்வுகள். வீட்டுக்கடன் கொடுக்க எந்தப் பகுதி பாதுகாப்பானது என்று அரசு நிறுவனம் ஒன்று 1930-களில் தரம் பிரித்து வரைந்த வரைபடங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் தொகுத்திருக்கிறது, சிவப்பு தீட்டிய பகுதி 'ஆபத்தானது' என்று அர்த்தம். ஆனால் அந்த ஒரு வரைபடத்தை வைத்தே இன்றைய எல்லா வறுமைக்கும் காரணம் சொல்லிவிடாதீர்கள். அந்த வரைபடங்கள் உண்மையில் எவ்வளவு பயன்பட்டன, வீட்டுவசதி நிர்வாகத்தின் சொந்த விதிகள் எவ்வளவு பெரிய காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள், அந்த வாதத்தையும் சேர்த்துப் படித்தால்தான் உங்கள் எழுத்துக்கு எடை வரும்.

வெளியே இருப்பதில் ஒரு பெரிய சாதகம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 1948-இன் ஸ்மித்-மண்ட் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் சேர்ந்து, வெளிநாட்டு மக்களுக்காக அமெரிக்க அரசு தயாரித்த பிரச்சார இதழ்கள், படங்கள், ஒலிபரப்புகளை அமெரிக்காவுக்குள்ளேயே பரப்பப் பல ஆண்டுகள் தடுத்துவைத்திருந்தன. 2013-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அதாவது பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா தன்னைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன கதை, அமெரிக்கர்களைவிட வெளியில் இருந்தவர்களிடம்தான் அதிகம் வந்து சேர்ந்தது. உங்கள் நாட்டு நூலகங்களில், உங்கள் மொழியில், அந்த இதழ்கள் தூசி படிந்து கிடக்கலாம். பக்கத்திலேயே உங்கள் நாட்டுச் செய்தித்தாள்கள் அதே ஆண்டுகளில் அமெரிக்காவைப் பற்றி என்ன எழுதின என்பதும் இருக்கும். இரண்டையும் எதிரெதிரே வைத்து எழுதினால், அந்த மொழி தெரியாத எந்த அமெரிக்க ஆய்வாளராலும் எழுத முடியாத ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

இதோடு சேர்த்து, இந்தத் துறையே எப்படி உலகம் முழுக்கப் பரவியது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர்களையும் ஆய்வாளர்களையும் நாடுகளுக்கிடையே அனுப்பும் ஃபுல்பிரைட் திட்டம் 1946-இல், ஐரோப்பியர்களுக்கு அமெரிக்காவைப் பற்றிப் பாடம் நடத்திய சால்ஸ்பர்க் கருத்தரங்கு 1947-இல், இத்துறை ஆய்வாளர்களின் சங்கமான அமெரிக்கன் ஸ்டடீஸ் அசோசியேஷன் 1951-இல், இத்துறையின் ஐரோப்பியச் சங்கம் 1954-இல் தொடங்கின. வெளிநாடுகளில் இந்தப் படிப்புக்குக் கிடைத்த பணத்திலும் புத்தகங்களிலும் பனிப்போர் அரசியல் கலந்திருந்தது. அந்தக் காலத்து ஆய்வுகளை ஒதுக்கச் சொல்லவில்லை, நிறைய நல்லவை உண்டு. யார் செலவில், யாரை மனத்தில் வைத்து எழுதியது என்று முகவுரையையும் நன்றியுரையையும் முதலில் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

கடைசியாக, ஆவணக் காப்பாளர்களுக்கு எழுதத் தயங்காதீர்கள். சிறு ஊர் நூலகங்களின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதும்போது 'புறநகர் வாழ்க்கை பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள்' என்று பொதுவாகக் கேட்காமல், தெரு, ஆண்டு, என்ன மாதிரித் தாள் வேண்டும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். கூட்டாட்சி அலுவலகங்களில் வெளிவராத கோப்பு வேண்டுமென்றால் 1966-இன் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம், அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பதில் வரப் பல மாதங்கள் ஆகலாம், அதனால் ஆய்வின் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.