பள்ளி டிங்கரிங் லேபில் சால்டரிங் மேசை: ஆறு மாணவர்களுக்கு

மத்திய அரசின் அடல் டிங்கரிங் லேபுக்கு (மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கும் கூடம்) சமவெளிப் பள்ளிகளில் 1500 சதுர அடி கேட்கிறார்கள். சால்டரிங்குக்கு, அதாவது ஈயத்தை உருக்கி மின்பாகங்களை ஒட்டுவதற்கு, அதில் ஒரு மூலையும் 8 × 4 அடி மேசையும் போதும். பக்கத்துக்கு மூன்று பேர்.

1. மின்சாரம்

ஸ்விட்ச் பாக்ஸ் மேசையின் நடுவில் இருக்கட்டும். ஒயர் விளிம்பில் தொங்கினால் யார் கையாவது பட்டு, சூடான சால்டரிங் அயர்ன் (ஈயத்தை உருக்கும் சூட்டுக்கோல்) மடியில் விழும். விழும் அயர்னைப் பிடிக்கப் போகக் கூடாது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஆறு அயர்னும் சேர்ந்தே 150 வாட்தான், லோடு பிரச்சினையில்லை. எர்த் சரியா என்று பாருங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம்.

2. சாமான்கள்

25 வாட் அயர்ன், கனமான ஸ்டாண்டு, ஈர ஸ்பாஞ்ச், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரெசின் (ஈயம் பரவ உதவும் பிசின்) உள்ள 60/40 ஈயக் கம்பி (60% வெள்ளீயம், 40% காரீயம்; 0.8 மி.மீ.). 60 வாட் அயர்ன் வேண்டவே வேண்டாம். புதியவர்கள் கையில் அது போர்டின் செப்புத் தடத்தையே உரித்துவிடும்.

3. ஜாயின்ட்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். ஈயத்தை டிப்பில் (அயர்னின் முனையில்) உருக்கி எடுத்துவந்து பெயின்ட் மாதிரி தடவுவார்கள். வரும் வழியிலேயே ரெசின் எரிந்துவிடுவதால் ஈயம் பரவாது. மங்கலான உருண்டையாக உட்கார்ந்துகொள்ளும். எல்இடி எரியும், தொட்டால் அணையும்.

டிப்பைச் செப்புத் தடத்திலும் மின்பாகத்தின் காலிலும் (அதன் கம்பி முனை) ஒருசேர வையுங்கள். இரண்டு விநாடி கழித்து, ஈயக் கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து அந்தக் காலில் தொடுங்கள். டிப்பில் அல்ல! ஈயம் ஓடிப் பரவியதும் முதலில் கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை. ஆறும்வரை போர்டு அசையக் கூடாது. பளபளவென்று கூம்பாக நின்றால் சரி. முதலில் வெறும் பெர்ஃப்போர்டில் (துளைகள் உள்ள போர்டு) ரெசிஸ்டர் கால்களை வைத்துப் பழக்குங்கள்.

4. புகை

சீலிங் ஃபேன் புகையை முகத்துக்கே திருப்பும், டிப்பையும் ஆறவைக்கும். அதை நிறுத்திவிட்டு, பழைய கம்ப்யூட்டரின் 12 வோல்ட் ஃபேனை ஜன்னல் பக்கம் இழுக்கும்படி வையுங்கள். அந்தப் புகை ரெசினுடையது, ஈயம் அல்ல. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அதுவே ஆகாது. ஈயம் ஒட்டுவது விரலில். சோப்பு போட்டுக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் தொடவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: டிப்பை உப்புத்தாளால் தேய்க்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வெள்ளி நிற டிப் என்றால் கூடாது. மேலிருக்கும் இரும்புப் பூச்சு போனால் உள்ளே உள்ள செம்பை ஈயம் அரித்துக் குழியாக்கும். வெறும் செப்பு டிப்புக்கு மட்டும் அரம் போடலாம், போட்டதும் ஈயம் பூசிவிடுங்கள்.

ஈயமில்லாத கம்பி? 60/40 ஏறக்குறைய 190 டிகிரியில் உருகும், இது 217-க்கு மேல். 25 வாட் திணறும். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டேஷன் வாங்க முடிந்தால் மாறுங்கள். ஆறாம், ஏழாம் வகுப்புக்கு, சால்டரிங் இல்லாமல் கால்களைச் செருகிச் சுற்று அமைக்கும் பிரெட்போர்டே போதும்.