பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? முதலில் அந்தப் போனை வையுங்கள்

பட்டறைக்கு வருகிற பையன்களில் பாதிப் பேர் கார் வாங்கிய மறுநாள்தான் வருகிறார்கள். "அண்ணா, நேத்துதான் எடுத்தோம், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று சாவியை நீட்டுவார்கள். இதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு கேட்டிருக்கலாம். தொழில் பழகிய காலத்தில் நாங்கள் செய்த அதே கூத்தை இவர்கள் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். ஆர்சி பாருங்கள், டெஸ்ட் டிரைவ் போங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவற்றை விட்டுவிடுகிறேன். பத்து வருடம் தாண்டிய வண்டிகளில் அடிக்கடி ஏமாறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சூடான இன்ஜினைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது

இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். கிளம்புவதற்கு முன்னால் விற்கிறவருக்குப் போன் போடுகிறார்கள்: "காலையில பத்து மணிக்கு வர்றோங்க, வண்டிய ரெடியா வைங்க." அவரும் சொன்னபடி ரெடியாக வைக்கிறார். எட்டு மணிக்கே ஸ்டார்ட் செய்து, ஒரு ரவுண்டு போய்வந்து, துடைத்து நிறுத்திவிடுகிறார். நீங்கள் போய்ச் சாவியைத் திருப்பினால் சட்டென்று பிடிக்கிறது. புகை இல்லை, சத்தம் இல்லை. பழைய இன்ஜின் தன் நோயை வெளியே காட்டுவது, ராத்திரி முழுக்க நின்றுவிட்டு முதல் தடவை ஸ்டார்ட் ஆகிற அந்த ஒரு நிமிடத்தில்தான். அந்த நிமிடத்தை நீங்களே போன் போட்டுக் காலி செய்துவிட்டீர்கள்.

வால்வ் சீல் தேய்ந்த வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் நிற்கும்போது மேலே ஹெட்டில் (சிலிண்டருக்கு மேல் மூடிபோல் இருக்கும் பாகம்) தங்கிய ஆயில் சொட்டுச் சொட்டாக சிலிண்டருக்குள் இறங்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரிலிருந்து குப்பென்று நீலப்புகை வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகு நாள் முழுக்கப் பார்த்தாலும் பெரிதாகத் தெரியாது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க நீலப்புகை வந்துகொண்டே இருந்தால் அது பெரும்பாலும் பிஸ்டன் ரிங் வேலை, அதன் செலவே வேறு.

டீசலில் இன்னும் மோசம். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று பெயர்தான் வேறு வேறு, உள்ளே இருப்பது அதே ஃபியட் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின். அதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அந்தச் செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்கிறது. செயின் நீண்டுபோயிருந்தால், பிரஷர் ஏறும்வரை முதல் சில விநாடிகளுக்குக் கரகரவென்று சத்தம் கேட்கும். ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று சந்தையில் நிற்கிற ஸ்விஃப்ட் டீசல் எல்லாமே வயதானதுதான். அதை வாங்குகிறவர் கேட்டே ஆக வேண்டிய சத்தம் இது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தம்பி 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல் எடுத்தார். வழக்கம்போல முந்தின நாளே போன். மதியம் வரை பேரம் பேசி விலையைக் குறைத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓட்டிவந்தார். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தபோது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்திருக்கிறார், அவ்வளவு சத்தம். செயின், டென்ஷனர், கைடு, கேஸ்கெட், கூலி என்று பில் போட்டபோது பேரத்தில் குறைத்த தொகையைத் தாண்டிப் போனது. ஒருவகையில் அவர் தப்பித்தவர். அப்படியே ஓட்டிச் செயின் தாண்டியிருந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். விற்கிறவரிடம் கேட்டதற்கு, "நீங்க பாத்துதானே எடுத்தீங்க?" என்றாராம். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் "ஸ்டார்ட் பண்ணாம வைங்க, வந்து நாங்களே பண்றோம்" என்று சொல்லுங்கள். சொன்னாலும் நம்ப வேண்டாம். போனதும் பானெட்டைத் திறக்கச் சொல்லி இன்ஜின் மேலும் ரேடியேட்டர் மேலும் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விலையே பேசாமல் திரும்புங்கள், நாளைக்கு வருவதாகச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் ஆட்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: தூரத்திலிருந்து வந்துவிட்டோம், டீ வேறு கொடுத்துவிட்டார், இனி எப்படி எழுந்து போவது?

குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பார்க்க வேண்டியவை உண்டு. ரேடியேட்டர் மூடியைத் திறங்கள் (சூடாக இருக்கும்போது தொடவே கூடாது, முகத்தில் அடிக்கும்). கூலன்ட் துருநிறத்தில் இருக்கிறதா, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். ஆயில் ஊற்றுகிற மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஆயில் அளவு காட்டும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை, இழுத்துப் பாருங்கள். ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாகத் தெரிந்தால் புகையையும் சத்தத்தையும் அமுக்கக் கெட்டி ஆயில் ஊற்றியிருக்கலாம், இது பழைய தந்திரம். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், நண்பரைச் சைலன்சர் பக்கம் நிறுத்துங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றினால் லேசாகக் காற்று வரும், அது சகஜம். புகை பொங்கிக்கொண்டு வந்தால் எங்கள் பாஷையில் அது பேக் கம்ப்ரஷன், அந்த வண்டி வேண்டாம்.

டீசலுக்கு ஒரு விஷயம். குளிரில் ஸ்டார்ட் ஆக இன்ஜினுக்குள் சூடேற்றித் தரும் குளோ பிளக் போயிருந்தாலும் நம் ஊர் வெயிலில் பல வண்டிகள் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும். அந்த வண்டியோடு ஊட்டியில் ஒரு ராத்திரி தங்கினால் காலையில் தெரியும்.

ஓட்டிப் பார்த்து வந்த பிறகும் உடனே ஆஃப் செய்யாதீர்கள். ஏசியைப் போடாமல் நிறுத்தி வைத்து, ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றி நிற்கும்வரை காத்திருங்கள். டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டக் கூடாது. பிறகு ஆஃப் செய்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் பிடித்து, சூட்டில் மக்கர் செய்கிற வண்டிகளும் இருக்கின்றன.

கிலோமீட்டர் காட்டும் மீட்டரை நம்புவது

நம்பாதீர்கள். பெடல் ரப்பரும் டிரைவர் சீட்டின் ஓரமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள்.

வார்னிங் லைட் எரியவில்லை என்று நிம்மதி அடைவது

சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ் லைட்டுகள் எரிய வேண்டும், பிறகு அணைய வேண்டும். ஆரம்பத்திலேயே எரியாத லைட் என்றால் யாரோ அதன் வாயை மூடியிருக்கிறார்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை மலிவு என்று எடுப்பது

2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை. அங்கே மூழ்கியவற்றில் எத்தனையோ வண்டிகள் கழுவிச் சுத்தமாகி வேறு மாவட்டங்களுக்குப் போயின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கே நிற்கும். சீட் ரயிலில் துரு, மிதியடிக்குக் கீழே கார்பெட்டில் ஈர வாடை, ஸ்டெப்னி குழியில் மண். இதில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். வயரிங் கோளாறு ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும், எனக்கு வருமானம்.

15 வருடக் கணக்கை மறப்பது

சொந்த உபயோகக் காரின் ஆர்சி 15 வருடத்துக்கு. பிறகு எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணம் 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் இன்னும் அதிகம். கிரீன் டாக்ஸ், எஃப்சிக்குக் காட்டுவதற்கு முன் டிங்கரிங், பெயின்ட் எல்லாம் தனி. 14 வருட வண்டி ஏன் மலிவாகக் கிடைக்கிறது என்று யோசித்திருந்தால் இந்தச் செலவைக் கழித்து விலை கேட்டிருப்பீர்கள்.

மலிவு என்று டெல்லி வண்டி எடுப்பது

என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய லைஃப் டாக்ஸ், அலைச்சல். மூன்றையும் கூட்டிவிட்டு விலையைப் பாருங்கள்.

"லோன் முடிஞ்சிருச்சுங்க" என்ற வாய்வார்த்தை

ஆர்சியில் ஹெச்பி (வண்டி கடனில் இருக்கிறது என்ற பதிவு) இருக்கும்வரை லோன் முடியவில்லை என்றே வையுங்கள். வங்கியின் என்ஓசியும் அந்தப் பதிவை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று விட்டுவிடுவது

பாலிசியில் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது என்று சேர்த்து விலை சொல்வார்கள். தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு (உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கானது) வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு க்ளெய்ம் வேண்டுமென்றால் வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனருக்கு க்ளெய்ம் கேட்காததற்காகக் கிடைத்த பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ க்ளெய்ம் போனஸ், அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். அதையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.