இறக்குமதிக் காளையின் வம்சாவளிச் சீட்டும் மரபணுச் சோதனைச் சீட்டும்: சினை ஊசிக்கு முன் எப்படிப் படிப்பது?

கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள் இப்போது என்னிடம் அதிகம் விசாரிப்பது டெக்ஸ்டர் மாட்டைப் பற்றி. அயர்லாந்து இனம். பசுவின் தோளுயரம் மூன்று அடியிலிருந்து மூன்றரை அடி, எடை சுமார் 340 கிலோவுக்குள். கறுப்பு, சிவப்பு, மங்கிய பழுப்பு என்று மூன்று நிறங்களில் வரும். சரிவான நிலத்தில் மேய்க்கலாம், கொட்டகைக்கு இடம் குறைவாகப் போதும், தீவனமும் குறைவு. மலைக்காரர்களுக்கு அதன் மேல் ஆசை வருவது நியாயம்தான்.

ஆனால் காளையின் சீட்டைப் பார்க்காமல் இணை சேர்த்தால் கன்று வயிற்றிலேயே சாகக்கூடிய இனம் அது. டெக்ஸ்டர் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன்), ஜெர்சி காளைகளின் சீட்டும் புரிந்துவிடும். என் கொட்டகையில் இருப்பவை அந்த இரண்டின் கலப்புதான். ஓர் இறக்குமதிக் காளையின் உறைவிந்துக் குச்சியை (உறையவைத்த விந்து அடைத்த மெல்லிய குழாய்) போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய இந்தச் சீட்டுகளை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டி வந்தது. அந்த வழியைத்தான் இங்கே சொல்கிறேன். பருவ அறிகுறி பார்ப்பது, எந்த நேரத்தில் ஊசி போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

முதலில் அனுமதி

வெளிநாட்டிலிருந்து உயிர்க்காளையோ விந்துவோ வரவேண்டும் என்றால் 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் கால்நடைத் துறை தரும் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும். உயிர்மாடு என்றால் தனிமைக் கொட்டகையில் வைத்துப் பரிசோதிப்பதும் உண்டு. மாநில அளவில் தமிழ்நாடு மாட்டின இனப்பெருக்கச் சட்டம், 2019 இருக்கிறது. விந்து நிலையமும் சினை ஊசி போடுபவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே யாராவது “டெக்ஸ்டர் குச்சி இருக்கு, வேணுமா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், அனுமதிச் சீட்டின் நகலை முதலில் கேளுங்கள். காட்டவில்லை என்றால் வாங்காதீர்கள். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி.

படி 1: குச்சியில் இருக்கும் எண்

அமெரிக்கக் குச்சி என்றால் அதில் ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். முதலில் விந்து நிலையத்தின் எண், பிறகு இனத்தைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்து (எச்ஓ என்றால் ஹோல்ஸ்டீன், ஜேஇ என்றால் ஜெர்சி), கடைசியில் காளையின் எண். இதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். ஒரே காளையை இன்னொரு நிறுவனம் விற்கும்போது இந்தக் குறியீடு வேறாக இருக்கலாம். காளையை விட்டுப் பிரியாதது அதன் பதிவு எண்தான். சர்வதேச முறையில் அது 19 இடம் கொண்டது: இனத்துக்கு மூன்று எழுத்து, நாட்டுக்கு மூன்று எழுத்து, ஆணா பெண்ணா என்பதற்கு ஓர் எழுத்து, மீதி 12 இடம் விலங்கின் எண்.

குச்சியில் இருக்கும் எண், வம்சாவளிச் சீட்டில் இருக்கும் எண், ஆய்வகச் சீட்டில் இருக்கும் எண் மூன்றும் ஒரே காளையைக் காட்ட வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பது போதாது. ஒரே மாதிரிப் பெயருள்ள காளைகள் ஏராளம்.

படி 2: வம்சாவளி

மூன்று தலைமுறை பாருங்கள்: அப்பன், ஆத்தாள், தாத்தாக்கள், பாட்டிகள், அதற்கும் மேலே எட்டுப் பேர். உங்கள் மாட்டின் அப்பனோ தாத்தாவோ அந்தப் பட்டியலில் இருந்தால் அந்தக் குச்சியைத் தள்ளி வையுங்கள். அப்பனையே மகளுக்குப் போட்டால் கன்றின் உள்இனச் சேர்க்கை அளவு 25 சதவீதம், தாத்தாவைப் பேத்திக்குப் போட்டால் 12.5 சதவீதம். மலையில் இது சுலபமாக நடந்துவிடும். ஒரு ஊரில் சினை ஊசி போடுபவரின் கலனில் சில காளைகளின் குச்சிகள்தான் இருக்கும், அதே காளை வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

படி 3: அப்பன் யார் என்பதற்கு மரபணுச் சாட்சி

வம்சாவளிச் சீட்டு என்பது யாரோ எழுதிக் கொடுத்த தகவல். பக்கத்துக் காளை வேலி தாண்டி வந்திருக்கலாம், கன்றுகள் மாறியிருக்கலாம், குச்சியே மாறியிருக்கலாம். அதனால்தான் பெற்றோர் சரிபார்ப்புச் சோதனை. ஒவ்வொரு மரபணு அடையாளத்திலும் கன்றுக்கு ஒரு பாதி அப்பனிடமிருந்தும் ஒரு பாதி ஆத்தாளிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். பல இடங்களில் பொருந்தவில்லை என்றால் அந்த அப்பன் அப்பன் இல்லை.

டெக்ஸ்டருக்கான மந்தைப் புத்தகம் (இனப் பதிவேடு) 1890-இலேயே டப்ளினில் தொடங்கிவிட்டது. ஆனாலும் அமெரிக்க டெக்ஸ்டர் சங்கம் இன்று மரபணு அடையாளம் இல்லாத காளையைப் பதிவதில்லை. ஒரு பசு வாழ்நாளில் சில கன்றுகள்தான் போடும். காளையின் தவறான பதிவோ எத்தனையோ கொட்டகைகளுக்குள் போய்விடும். இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் ஊரிலும் காளைக்கு இந்தச் சோதனை இல்லாத குச்சியை நான் தொடுவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சில சீட்டுகளில் “பெற்றோர் வழியாக நோயற்றது” என்று இருக்கும். அப்பனும் ஆத்தாளும் சோதனையில் சுத்தம், எனவே கன்றுக்குச் சோதனை வேண்டாம் என்று பொருள். அந்தப் பெற்றோர் மெய்யான பெற்றோர்தான் என்று மரபணு சொல்லியிருந்தால் மட்டுமே இதற்கு மதிப்பு.

படி 4: எழுத்துகளைப் படிப்பது

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

ஹோல்ஸ்டீன் காளையின் பெயருக்குப் பக்கத்தில் டிஎல், டிவி, டிடி, டிஒய் என்று வரிசையாக எழுத்துகள் இருக்கும். பார்த்தவுடன் இத்தனை நோயா என்று பயம் வரும். நேர் எதிர். ‘டி’ முதலில் வந்தால் சோதித்துப் பார்த்தாகிவிட்டது, நோய் மரபணு இல்லை என்று பொருள். பயப்பட வேண்டியவை பிஎல், சிவி, டிபி, பிஒய். பிஎல் என்றால் பிளாட் நோயின் கேரியர், அதாவது நோய் மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் சுமப்பது. அந்த மரபணு அப்பன், ஆத்தாள் இருவரிடமிருந்தும் இரட்டையாக வந்த கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்காது, சின்ன வயதிலேயே போய்விடும். சிவி என்றால் முதுகெலும்பு கோணும் நோயின் கேரியர். டிபி, பிஒய் வேறு இரண்டு நோய்களின் கேரியர். டிபி-யிலும் முதல் எழுத்து தமிழில் ‘டி’ போலத்தான் தெரியும், ஆனால் அது ஆங்கில வரிசையின் நான்காம் எழுத்து. சுத்தம் என்று சொல்வது இருபதாம் எழுத்து. சீட்டில் ஆங்கில எழுத்தையே உற்றுப் பாருங்கள்.

எச்எச்1, ஜேஎச்1 மாதிரி எண்ணோடு வருபவற்றில் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘சி’ என்று முடிந்தால் கேரியர். ‘டி’ அல்லது ‘எஃப்’ என்று முடிந்தால் சுத்தம். எச்எச்1 ஹோல்ஸ்டீனுக்கு, ஜேஎச்1 ஜெர்சிக்கு உரியது. ஜேஎச்1 இரட்டையாக வந்தால் கரு இரண்டு மாதத்துக்குள்ளேயே கலைந்துவிடும். மாடு மறுபடி பருவத்துக்கு வரும், நாம் “ஊசி நிக்கல” என்று ஊசி போட்டவரைத் திட்டுவோம். அவர் மேல் தப்பே இருக்காது.

ஆர்சி என்பது சிவப்பு நிறத்தைக் கடத்தும் மரபணு, நோய் அல்ல. பிஓ என்றால் கொம்பில்லாதது. ஏ2ஏ2 என்பது பாலின் புரத வகை. இவற்றை நோய்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒன்றுமே எழுதாமல் காலியாக இருந்தால் அது சுத்தம் என்று ஆகிவிடாது. சோதிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காளைகளின் காலத்தில் சோதனையே கிடையாது. 1952-இல் பிறந்த ஆஸ்பார்ன்டேல் ஐவன்ஹோ என்ற காளையின் வழியாகத்தான் பிளாட் நோய் உலகம் முழுக்கப் பரவியது. 1974-இல் பிறந்த அதன் வாரிசு கார்லின்-எம் ஐவன்ஹோ பெல், பிளாட், முதுகெலும்பு நோய் இரண்டுக்கும் கேரியர். 1962-இல் பிறந்த பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் எச்எச்1-ஐப் பரப்பியது. அந்த ஒரு மரபணுவால் உலகம் முழுக்க 5 லட்சத்துக்கு மேல் கருக்கள் கலைந்தன, 42 கோடி டாலர் நட்டம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்றுமே அந்தக் காலத்தில் பேர்பெற்ற காளைகள்.

டெக்ஸ்டருக்கு வருவோம். இங்கே பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று குட்டைக்கால் மரபணு. அக்ரிகன் என்ற புரதத்தின் மரபணுவில் வரும் மாற்றம் இது. 2007-இல் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது, இப்போது இதற்குச் சோதனை இருக்கிறது. ஒரு பிரதி இருந்தால் மாட்டின் கால் குட்டையாகும், மற்றபடி நன்றாக இருக்கும். இரண்டு பிரதி சேர்ந்தால் புல்டாக் கன்று என்பார்கள்: தலை உருண்டு, கால் குறுகி, பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குள் மாடு கன்றை வீசிவிடும். குட்டையாக இருப்பதே அழகு என்று தேர்ந்தெடுத்ததால் கேரியர்களையே மறுபடி மறுபடி சேர்த்துவிட்டார்கள். கேரியரோடு கேரியர் சேர்ந்தால் நான்கில் ஒன்று புல்டாக், இரண்டு குட்டை, ஒன்று சாதாரண கால். கேரியரோடு சுத்தம் சேர்ந்தால் பாதி குட்டை, பாதி சாதாரணம், சாவு இல்லை. கண்ணால் பார்த்துக் கேரியரைச் சொல்லிவிடலாம் என்பார்கள், நம்பாதீர்கள். குட்டையாக இருந்தும் கேரியர் இல்லாதவை உண்டு. இந்த மாற்றம் பிடி1, பிடி2 என்று இரண்டு வகை. அப்பனிடமிருந்து ஒன்று, ஆத்தாளிடமிருந்து மற்றது வந்தாலும் கன்று போய்விடும், ஆகவே சீட்டில் இரண்டும் இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது பிஎச்ஏ. நுரையீரல் வளராமல், உடம்பெல்லாம் நீர் கோத்த கன்று. வீங்கிய கன்றை ஈன முடியாமல் தாய்க்கே உயிர் ஆபத்து வரும். இதன் கேரியர் பார்வைக்கு முழு ஆரோக்கியமாக இருக்கும்.

காசநோய், கன்று வீச்சு நோய் ஆகியவற்றுக்கான சான்று தனி. அது தொற்றுநோய்க் கணக்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணி “எல்லா டெஸ்டும் ஆச்சு” என்று யாராவது சொன்னால், மரபணுச் சீட்டு எங்கே என்று கேளுங்கள்.

படி 5: உங்கள் மாட்டின் பக்கம்

கேரியர் காளை கெட்ட காளை அல்ல. ஆபத்து உங்கள் மாடும் கேரியராக இருந்தால்தான். மாட்டின் காதுவில்லையில் 12 இலக்க எண் இருக்கும். பாரத் பசுதன் என்ற அரசின் கால்நடைப் பதிவில் அதைப் போட்டு, அதன் அப்பனின் எண் இருக்கிறதா என்று கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அப்பன் கேரியர் என்று தெரிந்தால் உங்கள் மாடு கேரியராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அதற்குக் கேரியர் காளையைப் போட்டால் எட்டில் ஒரு கன்று போகலாம். உங்கள் மாட்டின் அம்மாவுடைய அப்பன் மட்டும்தான் கேரியர் என்றால் பதினாறில் ஒன்று.

பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. அப்படியானால் கணக்கே போட வேண்டாம், சோதித்துச் சுத்தம் என்று வந்த காளையின் குச்சியை மட்டும் போடுங்கள். காளை கொடுக்காவிட்டால் கன்றுக்கு இரண்டு பிரதி சேர வழியே இல்லை.

பதிவுக்கு நான் செயலிகளை நம்புவதில்லை, நோட்டுதான். மலை ஈரத்தில் ஜெல் பேனா ஊறிவிடும், பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள். ஊசி போட்டவரிடம் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள எண்ணைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். விற்பவர் அனுப்பும் பிடிஎஃப்-ஐ விட, அந்தந்த இனச் சங்கத்தின் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு நீங்களே பார்ப்பது எப்போதும் மேல்.

பின்சேர்க்கை

மாட்டையே சோதிக்க முடியுமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். முடியும். குஜராத்தில் ஆனந்த் நகரில் உள்ள என்டிடிபி (தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம்) ஆய்வகத்தில் பெற்றோர் சரிபார்ப்பும் மரபணு நோய்ச் சோதனையும் செய்கிறார்கள். எந்த நோய்க்கு, என்ன மாதிரி அனுப்ப வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் கேட்டால் மருத்துவரைத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும். வால்முடி போதும் என்றால், கத்தரிக்காமல் வேரோடு பிடுங்குங்கள். வேரில்தான் சோதனைக்கு வேண்டிய மரபணு இருக்கிறது. குன்னூர்ப் பக்கம் ஒருவர் ஈர முடியை பிளாஸ்டிக் கவரில் போட்டு அனுப்பி, பூசணம் பிடித்துத் திரும்பி வந்தது. நன்றாக உலர்த்தி, காகித உறையில் போட்டு, உறையின் மேல் காதுவில்லை எண்ணை எழுதுங்கள். ஒரு மாட்டுக்கு ஒரு உறை. அடுத்த மாட்டின் முடியைப் பிடுங்கும் முன் கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.