ஹிப் ஹாப் பிறந்த வித்தையை நீங்களே செய்து பாருங்கள்

ஹிப் ஹாப்பைப் புரிந்துகொள்ள தாளத்தின்மேல் பேசும் ராப்பில் தொடங்காதீர்கள், டிரம்ஸில் தொடங்குங்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸில், 1520 செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பில், சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் பள்ளி திறக்கும்முன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு பார்ட்டி வைத்தார். பாட்டு போட்டது அவருடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து வந்த டிஜே கூல் ஹெர்க். மற்ற வாத்தியங்கள் அடங்கி டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகவே, அதாவது பிரேக்குக்காகவே, ஆடுபவர்கள் காத்திருப்பதை அவர் கவனித்திருந்தார்.

சரி, அதை நீட்டுவது எப்படி?

ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதி, அவற்றைச் சுழற்ற இரண்டு டர்ன்டேபிள், நடுவில் ஒலியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் மிக்ஸர் கருவி. இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட் என்ற இசைக்குழுவின் 'அப்பாச்சி' அருமையான தேர்வு. முதல் தட்டில் பிரேக் முடியும் நொடியில் ஒலியை இரண்டாவதற்கு மாற்றுங்கள், அது ஓடும்போதே முதல் தட்டைக் கையால் பின்னோக்கிச் சுற்றி, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, பிரேக்கின் தொடக்கத்தில் நிறுத்துங்கள், அப்புறம் திரும்ப மாற்றுங்கள். இடம் தவறுகிறதா? பிராங்ஸின் இன்னொரு டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் செய்ததுபோல் தட்டின்மேல் கிரேயானால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அவர் கணக்காகச் செய்ததால்தான் தாளம் பிசகாமல் நின்றது.

தாளம் நிலைத்ததும் அதன்மேல் பேசிப் பாருங்கள். நெடுஞ்சாலைக்காக வீடுகளை இடித்துத் தள்ளிய, கட்டடங்கள் எரிந்துகொண்டிருந்த பிராங்ஸின் இளைஞர்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்ல இந்த இடைவெளிதான் கிடைத்தது.