நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை: தவறு எங்கே நடக்கிறது?

நெஞ்சுவலி வந்த பதற்றத்தில் நைட்ரோகிளிசரின் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. விழுங்கினால் மருந்து முதலில் கல்லீரலுக்குப் போகும். அது பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். நாக்குக்கு அடியில் கரைந்தால் நேரே ரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் வேலை செய்யும்.

என்ன வேலை? நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் மருந்துகள் உடலில் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கி, ரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் சிரைகள் விரிவதால் திரும்பி வரும் ரத்தம் குறைந்து, இதயத்தின் சுமை இறங்குகிறது. இதய ரத்தக் குழாயில் இருக்கும் அடைப்பு அப்படியேதான் இருக்கும். ரத்த அழுத்தமும் சேர்ந்து இறங்குவதால் நின்றுகொண்டே மருந்தை வைத்தால் மயங்கி விழலாம். உட்கார்ந்துகொள்ளுங்கள். தலைவலி வந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் குழாய் விரிவதால் வருவதுதான்.

5 நிமிடத்தில் வலி குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால் ஆம்புலன்ஸை அழையுங்கள். 'இன்னொன்று வைத்துப் பார்ப்போம்' என்று அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

உயிருக்கே ஆபத்தான தவறு, வெட்கத்தில் நடப்பது. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளும் இதே நைட்ரிக் ஆக்சைடு வழியில்தான் வேலை செய்கின்றன. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். அவற்றில் சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரம், டடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் தொடக் கூடாது. நைட்ரேட் வழக்கமாக எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரைகளே கூடாது. வலியோடு வந்தவரிடம் டாக்டர் இதைக் கேட்பது வம்புக்கு அல்ல. மனைவி பக்கத்தில் இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இடைவெளி. முன்பு டைனமைட் ஆலைகளில் நைட்ரோகிளிசரினோடு புழங்கியவர்களுக்குத் திங்கட்கிழமை தலைவலி வரும். வாரம் போகப் போக உடல் பழகி அது மறையும். விடுமுறை முடிந்து வந்தால் மறுபடி வரும். மருந்துக்கும் உடல் இப்படித்தான் பழகிவிடுகிறது. அதனால்தான் தோலில் ஒட்டும் பட்டையைத் தினமும் 10 முதல் 12 மணி நேரம் கழற்றி வைக்கச் சொல்கிறார்கள். ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் என்ற இன்னொரு நைட்ரேட்டின் சாதாரண (மெதுவாகக் கரையும் வகை அல்லாத) மாத்திரையைக் காலையிலும், 7 மணி நேரம் கழித்தும் போடச் சொல்வதும் இதற்காகத்தான். ஒழுங்காக இருக்கட்டும் என்று காலை, இரவு என மாற்றிக்கொண்டால் இரவில் உடலுக்குக் கிடைக்கும் மருந்தில்லாத ஓய்வு கெட்டுவிடும். தினசரி மருந்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

நைட்ரோகிளிசரின் மாத்திரையை வந்த கண்ணாடிப் புட்டியிலேயே இறுக்கி மூடி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினால் மருந்து மெல்ல ஆவியாகிப் போகும், மாத்திரை மட்டும் பார்க்க அப்படியே இருக்கும்.