காசிமேட்டுக்கு மீன் பார்க்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை கொளத்தூர் கடைகளில் பார்ப்பதெல்லாம் தொட்டியில் வளர்க்கும் அலங்கார மீன்கள். நம் கடலில் என்னென்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்பட்டால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும். டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழையும் காட்சிசாலை போல நினைத்துப் போகிறவர்கள்தான் அங்கே ஏமாறுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டிபன் முடித்துவிட்டு ஒன்பது மணிக்குப் போய் நிற்பது முதல் தவறு. ஏலம் பொழுது விடியும் முன்பே தொடங்கிவிடும். நீங்கள் போகும்போது முழு மீனைவிடத் துண்டு போட்ட வஞ்சிரமும் உருகிய ஐஸும்தான் கண்ணில் படும். கூட்டத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வார நாளில், இருட்டு கலையும் முன் போங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, கோடை விடுமுறையில் கிளம்புவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று விசைப்படகுகளைக் கடலுக்கு விடுவதில்லை. பள்ளி லீவும் சரியாக அப்போதுதான் வருகிறது, என்ன செய்ய! ஃபைபர் போட்டுகள் மட்டும் போய்வரும். நெத்திலி, காரப்பொடி மீன், நண்டு என்று கரையோரச் சரக்கு கிடைக்கும். சுறா, திருக்கை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தடைக்காலம் முடியட்டும் என்று காத்திருப்பது நல்லது.

ஏலம் விடும் இடத்தில் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். “தள்ளிக்கோம்மா, ஐஸ் வருது!” என்ற குரல் கேட்டதும் ஒதுங்கிவிட வேண்டும். மீன் விற்கும் அக்காவிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கேட்டால், கூடையிலிருந்து நண்டை எடுத்துத் திருப்பிக் காட்டுவார். முதுகில் மூன்று பொட்டு இருந்தால் மூணு கண்ணு நண்டு. வயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். அப்போதுதான் இறக்கிய கடம்பாவை (கணவாய்) உற்றுப் பாருங்கள். தோலில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். செத்த பிறகும் கொஞ்ச நேரம் இது நடக்கும். எந்தக் கண்ணாடித் தொட்டிக்கும் இது குறைந்ததில்லை என்பேன்.

பார்த்தால் போதும், எல்லாவற்றையும் தொட வேண்டாம். திருக்கை செத்துக் கிடந்தாலும் வால் முள்ளில் விஷம் இருக்கும். கெளுத்தி முள்ளும் லேசுப்பட்டதல்ல. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் முக்கி வைத்தால் வலி தணியும். பிறகு டாக்டரிடம் போய்விடுங்கள். வழுக்கும் ரப்பர் செருப்பும் வேண்டாம். வலைக் கழிவில் கடல் குதிரை கிடக்கிறதென்று ஞாபகத்துக்கு எடுத்து வராதீர்கள். 1972ஆம் ஆண்டு வனஉயிர்ச் சட்டப்படி அது குற்றம்.

வந்ததே வந்தோம், எண்ணூரையும் பார்த்துவிடுவோம் என்று அதே காலையில் கிளம்புகிறவர்கள் உண்டு. கழிமுகத்தில் தண்ணீர் வடிந்து சேறு தெரியும் நேரத்தில் போனால்தான் ஒற்றைப் பெரிய கொடுக்கை ஆட்டும் சின்ன நண்டுகளைப் பார்க்கலாம். அந்த நேரம் நாளுக்கு நாள் மாறும். அங்குள்ள மீனவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு இன்னொரு நாள் வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவிய இடம் அது, அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்திருக்கிறது. ஆகவே பிள்ளைகளைச் சேற்றில் இறக்காமல் கரையிலிருந்தே காட்டுங்கள். கடற்கரைப் பக்கம் நடந்தால், ஒதுங்கிக் கிடக்கும் சொறி மீனை (ஜெல்லி மீன்) மிதிக்க வேண்டாம். காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அரிப்பெடுக்கும்.